நாடகத்துக்கு ஆள் வருவது எப்படி? டிக்கெட் மேஜையில் கேட்ட கேள்விகள்

சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழுவில் பல வருஷமாக இருக்கிறேன். நடிப்பதில்லை. ஒரே ஒரு முறை நடித்தேன், அதோடு என்னை டிக்கெட் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். ஹால் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பது எல்லாம் என் தலையில்தான். புதிதாகக் குழு ஆரம்பிப்பவர்கள் போன் செய்து கேட்கும் சந்தேகங்கள் மறுபடி மறுபடி ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதியது. மதுரை, கோவைக்காரர்கள் வாடகையையும் கிழமையையும் மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் காலத்துல நாடகம் பாக்க யாருங்க வர்றாங்க?

வருகிறார்கள். ஆனால் ‘நாடக ரசிகர்கள்’ என்று ஒரே கூட்டம் கிடையாது. சபாவில் நகைச்சுவை நாடகமும் குடும்ப நாடகமும் பார்ப்பவர்கள் ஒரு கூட்டம். கூத்துப்பட்டறை, பரீக்ஷா என்று எழுபதுகளின் பின்பாதியில் தொடங்கிய நவீன நாடகக் குழுக்களின் வழியில் வருபவர்கள் இன்னொரு கூட்டம். மெட்ராஸ் பிளேயர்ஸ் மாதிரி ஆங்கில நாடகக் குழுக்களுக்குப் போகிறவர்கள் வேறு. மயிலாப்பூரில் முப்பது வருஷம் நாடகம் பார்த்தவருக்குப் பெசன்ட் நகரில் ஒரு மாடியில் நாடகம் நடப்பது தெரியாது. அங்கே போகிறவருக்குச் சபா கேன்டீன் போண்டாவின் ருசி தெரியாது.

முதலில் நீங்கள் இதில் எந்தக் கூட்டத்தை அழைக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ‘எல்லாருக்கும் பிடிக்கும் சார்’ என்று சொன்ன குழுக்களின் ஷோக்களில்தான் நான் காலி நாற்காலிகளை அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்துல மட்டும் எப்படி அவ்ளோ கூட்டம் வந்தது?

சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாட்களில் குழு ஒரு ஊரில் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் தங்கும். இன்று ஒரு நாடகம், நாளை வேறொன்று. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஊர் ஊராகப் போனார்கள். மாட்டுவண்டியில் தட்டி கட்டி, பேண்டு வாசித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். ஆனால் நேற்றுப் பார்த்தவனே இன்றைக்கும் வந்து டிக்கெட் வாங்கியதால்தான் அந்தக் கொட்டகை ஓடியது. பெரிய ஆள்சேர்ப்பு அதுதான்.

அப்புறம் சபா வந்தது. சந்தா கட்டிய உறுப்பினர் மாதாமாதம் நாடகம் பார்த்தார். கே. பாலசந்தர், சோ, மௌலி, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் எல்லாரும் அந்த மேடைகளில் வளர்ந்தவர்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. போகப்போக ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கே படம் வந்தது. சபாக்காரர்களைக் கேட்டால் சரிவைப் பற்றிப் பல காரணம் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம் எல்லார் பட்டியலிலும் இருக்கும்.

சபாவுல வாய்ப்பு கேக்கறதா, நாமளே ஹால் எடுக்கறதா?

இரண்டும் இரண்டு விதமான தொழில். சபா அழைத்தால் ஒரு தொகை பேசித் தருவார்கள், உறுப்பினர்கள் வருவார்கள், உங்களுக்கு டிக்கெட் விற்கும் தலைவலி இல்லை. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா மாதிரி ஒன்றில் புது நாடகம் போட்டால், மற்ற சபா செக்ரட்டரிகள் கண்ணிலும் படும். அடுத்த அழைப்பு அங்கிருந்து வரும். ஆனால் வந்து உட்கார்ந்தவர்கள் சபாவின் ஆட்கள். அவர்கள் பெயரோ போன் நம்பரோ உங்களிடம் இருக்காது.

சொந்தமாக ஹால் எடுத்தால் நஷ்டம் உங்களுடையது, வந்தவர்களும் உங்களுடையவர்கள். முடிந்தால் இரண்டையும் கலந்து செய்யுங்கள் என்பேன். சொந்த ஷோவுக்கு மட்டும் ஆசைப்பட்டுப் பெரிய அரங்கம் எடுக்காதீர்கள். 80 நாற்காலியில் 60 பேர் உட்கார்ந்தால் ஹவுஸ்ஃபுல் மாதிரி இருக்கும். அதே 60 பேர் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் உட்கார்ந்தால், நகைச்சுவைக் காட்சிக்குக்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிக்கலாமா என்று யோசிப்பார்கள்.

எவ்ளோ நாள் முன்னாடி வேலையை ஆரம்பிக்கணும்?

ஹால் தேதி உறுதியான அன்றைக்கே. நடைமுறையில் ஆறு வாரம் இருந்தால் நிம்மதி, நாலு வாரம் இருந்தால் சமாளிக்கலாம். முதல் வாரத்தில் தேதியை மட்டும் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வாரம் முன்னால் டிக்கெட்டைத் திறங்கள். கடைசி வாரத்தில் ஒவ்வொருவராகப் போன்.

தேதி பார்ப்பதுதான் பாதி வேலை. காலண்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த ஞாயிறு வேண்டாம். நம் ஆட்கள் பாதிப்பேர் ஏதோ ஒரு கல்யாண ரிசப்ஷனில் நிற்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பரீட்சை, பிள்ளை வைத்திருப்பவர்கள் நகரமாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேப்பாக்கத்தில் ஐபிஎல் மேட்ச் இருக்கும் சாயங்காலத்தைத் தவிர்க்கலாம். நவம்பரில் மழை. டிசம்பரில் ஹால்கள் கச்சேரிக்காரர்கள் கையில். மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை நன்றாகவே இருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் நாடகக்காரனுக்கு அது நல்ல மாசம்.

நோட்டீஸ்ல என்னென்ன இருக்கணும்?

நாடகத்தின் பெயர், குழுவின் பெயர், தேதியோடு கிழமை, நேரம், அரங்கத்தின் பெயர், பக்கத்து அடையாளம், டிக்கெட் விலை, எங்கே வாங்குவது, ஒரு போன் நம்பர். இதெல்லாம் தெரிந்ததுதானே என்று தோன்றும். கிழமை இல்லாத நோட்டீஸ், அரங்கம் எந்தத் தெருவில் என்று சொல்லாத நோட்டீஸ் என்று ஒரு கட்டே என் வீட்டில் இருக்கிறது. அதில் இரண்டு நாங்களே அடித்தது.

பலரும் விட்டுவிடும் ஒன்று, நாடகம் எவ்வளவு நேரம் என்பது. ‘90 நிமிடம், இடைவேளை இல்லை’ என்று போட்டால் தாம்பரத்திலிருந்து வருகிறவர் திரும்பிப் போகும் ரயிலைக் கணக்குப் போட்டுக்கொள்வார். குழந்தையைக் கூட்டி வரலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள். என் மேஜைக்கு வரும் போன்களில் பாதி இந்த இரண்டு கேள்விதான்.

தென் மாவட்டத் திருவிழாக்களில் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைத்துப் போடும் ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகத்தின் நோட்டீஸைப் பார்த்திருக்கிறீர்களா? கதைச் சுருக்கம் இருக்காது, அது எல்லாருக்கும் தெரியும். நடிகர், நடிகையர் போட்டோ, ஊர்ப் பெயரோடு அவர்கள் பெயர், பின்பாட்டு, மிருதங்கம், என்ன திருவிழா, எந்தத் திடல். பார்க்கிறவருக்கு ‘யார் வர்றாங்க?’ என்பதுதான் கேள்வி என்று அந்த அச்சகத்துக்காரருக்குத் தெரியும். நம் நவீன நாடக நோட்டீஸ்களில் கறுப்புப் பின்னணியில் ஒரு கை மட்டும் நீண்டிருக்கும். அது எந்த நாடகத்துக்கும் பொருந்தும்.

டிக்கெட் விலை எவ்ளோ வைக்கலாம்? 100 ரூபா போதுமா?

முதலில் செலவைக் காகிதத்தில் எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு: ஹால் 15,000, லைட்டும் சவுண்டும் 10,000, வேனும் செட்டும் 4,000, சாப்பாடு 3,000, நோட்டீஸ், ஆன்லைன் செலவு 3,000, நடிகர்களுக்கு ஏதோ கையில் கொடுக்க 5,000. மொத்தம் 40,000 ரூபாய். ஹாலில் 150 நாற்காலி. 100 ரூபாய் டிக்கெட் வைத்து எல்லாம் விற்றாலும் 15,000தான். உங்கள் கையிலிருந்து 25,000 போகும். 300 ரூபாய் வைத்தால் 134 டிக்கெட் விற்றால் கை கடிக்காது. அதாவது கிட்டத்தட்ட முழு ஹாலும் நிரம்பவேண்டும்.

இப்போது அதே நாள் மூன்று மணிக்கு இன்னொரு ஷோவும் போடுங்கள். நாள் வாடகையாகப் பேசியிருந்தால் ஹாலும் லைட்டும் இரண்டு மடங்கு ஆகாது. கூடுதலாக 12,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 52,000. இரண்டு ஷோவிலும் சேர்த்து 300 நாற்காலியில் 174 விற்றால் போதும். ஷோ எண்ணிக்கை கூடக்கூட ஒரு ஷோவின் பாரம் இறங்குகிறது. ஒரே ஒரு ஷோ போட்டுவிட்டு ‘நாடகத்துல காசில்ல’ என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

மாணவர்களுக்குத் தனி விலை வைக்கலாம். முன்வரிசைக்கு மட்டும் 500 ரூபாய் வைத்து ‘குழுவுக்கு ஆதரவு’ என்று சொன்னால் வாங்குகிற நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் போவதற்கு முன் கீழே வரி பற்றிய பதிலைப் படியுங்கள்.

ஃப்ரீயா விட்டா ஹால் ரொம்பிடுமே?

ரொம்பாது. இலவசம் என்று பெயர் பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் வந்தால் எங்களுக்கு நல்ல நாள். காசு கொடுத்தவர் மழை தூறினாலும் ஆட்டோ பிடித்து வருவார். ஓசியில் பெயர் கொடுத்தவர் சோபாவிலிருந்து எழுந்திருக்கமாட்டார். அதைவிட மோசம், ஒரு தடவை இலவசமாகப் பார்த்தவரிடம் அடுத்த முறை 300 ரூபாய் கேட்டால் நீங்கள் ஏமாற்றுவது மாதிரி பார்ப்பார்.

தெரு நாடகம் வேறு சமாசாரம். வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் கல்கத்தாவில் டிக்கெட் இல்லாமல் ஆடி, விருப்பப்பட்டவர்களிடம் மட்டும் காசு வாங்கினார். 1980-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறைக்குப் பிறகு இங்கேயும் பலர் அந்த வழியில் இறங்கினார்கள். அங்கே நாடகம்தான் ஆள் இருக்கும் இடத்துக்குப் போகிறது. துண்டேந்தி வசூல் செய்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஹால் வாடகை கொடுத்துவிட்டு இலவசம் என்று போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நடிகர்களோட சொந்தக்காரங்களுக்குக் கூடவா பாஸ் கிடையாது?

தலைக்கு இரண்டு. எங்கள் விதி இது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் டிக்கெட் வாங்கட்டும். முதல் வருஷம் இந்த விதி இல்லாமல் ஒரு ஷோவில் பாதி ஹாலுக்கு மேல் பாஸாகப் போனது. கைதட்டல் காதைப் பிளந்தது. கல்லாவைத் திறந்தால் லைட்காரருக்குக் கொடுக்கக் காசில்லை. ஒரு மாமா மட்டும் வெளியே போகும்போது ‘எவ்ளோ டிக்கெட்?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

பாஸ் கொடுக்க வேண்டியவர்கள் வேறு: உங்களைப் பற்றி எழுதக்கூடியவர், அடுத்த ஷோவுக்கு அழைக்கக்கூடிய சபா செக்ரட்டரி, பத்துப் பேரைக் கூட்டி வரக்கூடிய ஒரு காலேஜ் வாத்தியார். அவர்களுக்கும் வாட்ஸாப் செய்தி போதாது. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போய்க் கார்டு கொடுங்கள்.

வாட்ஸாப்ல 500 பேருக்கு அனுப்பினேன். 11 பேர்தான் வந்தாங்க. ஏன்?

முதல் காரணம் எளியது. பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால், உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும். ஆகவே 500 பேரில் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே சந்தேகம். டிக்கெட் கொடுக்கும்போதே ‘இந்த நம்பரைக் குழுவோட பேர்ல சேவ் பண்ணிக்கோங்க, அடுத்த நாடகம் சொல்றோம்’ என்று சொல்ல வேண்டும். நாங்கள் மேஜையில் அட்டை எழுதியே வைத்திருக்கிறோம்.

இரண்டாவது காரணம், எல்லாருக்கும் அனுப்பிய செய்தி யாருக்கும் அனுப்பியதாகப் படாது. ‘அன்புடையீர்’ என்று தொடங்கினால் காலை வணக்கப் பூக்களோடு சேர்ந்து அதுவும் மேலே நகர்ந்துவிடும். ‘ரமணி சார், போன தடவை இடைவேளையில வசனம் சரியா கேக்கலைன்னு சொன்னீங்களே, இந்த முறை சின்ன ஹால், மைக்கே வேண்டாம்’ என்று எழுதிப் பாருங்கள். ரமணி சார் வருவார், மனைவியோடு வருவார். இது மெதுவான வேலைதான். குழுவில் பத்துப் பேர் ஆளுக்குப் பதினைந்து பேரிடம் இப்படிப் பேசினால் 150 ஆயிற்று, மேலே சொன்ன ஹாலின் அளவு அதுதான்.

அப்போ இன்ஸ்டாகிராம், ரீல்ஸ் எல்லாம் வேஸ்டா?

வேஸ்ட் இல்லை. ஆனால் ரீல்ஸ் பார்த்தவர் உடனே டிக்கெட் வாங்குவார் என்று நம்பாதீர்கள். நாடகத்தின் பெயர் அவர் காதில் ஏற்கனவே விழுந்திருக்கும், அவ்வளவுதான். பிறகு ஒரு நண்பர் ‘போலாமா?’ என்று கேட்கும்போது ‘ஆமா, எங்கயோ பாத்தேன்’ என்பார்.

மேடையைத் தூரத்திலிருந்து எடுத்த வீடியோ எப்போதும் ஸ்கூல் ஆண்டு விழா மாதிரியே தெரியும். அதற்குப் பதில் ஒத்திகையில் ஒரு நடிகரின் முகத்தை அருகில் எடுங்கள். வசனத்தை மறந்து அவர் விழிப்பதை எடுங்கள். முப்பது விநாடி போதும். எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் பார்த்தது, வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று ஒருவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ராஜா வசனம் பேசிய ஒத்திகைதான்.

பேப்பர்ல போடுவாங்களா?

நிகழ்ச்சிப் பட்டியலில் போடுவார்கள், சரியான நேரத்தில் அனுப்பினால். பத்து நாள் முன்னால், ஒரே பக்கத்தில், நல்ல போட்டோ இரண்டு சேர்த்து அனுப்புங்கள். மயிலாப்பூர் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் மாதிரி பேட்டைப் பத்திரிகைகளை மறக்காதீர்கள். அதைப் படிக்கிறவர் ஹாலுக்கு நடந்தே வரக்கூடியவர்.

பேர் தெரிஞ்ச கதையைப் போட்டா கூட்டம் வருமா? இல்ல சினிமா நடிகர் ஒருத்தரைப் போடலாமா?

தெரிந்த பெயருக்கு வலு உண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னை மேஜிக் லான்டர்ன் குழு 1999-இல் நந்தனம் ஒய்எம்சிஏ திறந்தவெளியில் போட்டது. பிறகு 2014-இல் மியூசிக் அகாடமியில் மறுபடி வந்தது. நாடகமே பார்த்திராத குடும்பங்கள் அதற்கு வந்தன. வந்தியத்தேவன் யார் என்று யாரும் நோட்டீஸில் விளக்க வேண்டியிருக்கவில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, அதனால் உரிமைச் சிக்கலும் இல்லை. நாட்டுடைமை ஆகாத எழுத்தாளர் என்றால் அவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை பெரும்பாலும் அவர் குடும்பத்திடம் இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்காமல் நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

சினிமா நடிகர் விஷயத்தில் எனக்குப் பாதி மனசுதான். முதல் ஷோ நிச்சயம் நிரம்பும். ஆனால் வந்தவர்கள் அவரைப் பார்க்க வந்தவர்கள். அவருக்கு ஷூட்டிங் வந்து தேதி தள்ளினால் நாடகமும் தள்ளும். அவர் இல்லாமல் மூன்றாவது ஷோ போட்டால் ‘அவர் இல்லையா?’ என்று வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போய் இன்னும் மேடைக்கு வருகிறவர் என்றால் வேறு. அவர் ஒத்திகைக்கு ஒழுங்காக வருவார், அதிலேயே தெரிந்துவிடும்.

ஸ்பான்சர் புடிக்கறது எப்படி?

பெரிய கம்பெனிக்கு மெயில் அனுப்பி உட்கார்ந்திருப்பதைவிட, ஹாலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஸ்வீட் கடை, பல் டாக்டர், ஜவுளிக்கடை என்று நடந்து போய்க் கேளுங்கள். 5,000 ரூபாய்க்கு நோட்டீஸின் பின்பக்கம் விளம்பரம், பத்து டிக்கெட். அவர் அந்தப் பத்து டிக்கெட்டை வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பார். உங்களுக்குப் பத்துப் புது முகம்.

ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கம் இருக்கிறது, ஹால் இருக்கிறது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்ஜெட் இருக்கிறது. மொத்தத் தொகை பேசி அங்கேயே போய் ஆடலாம். பழைய சபா முறைதான், பெயர் மட்டும் வேறு.

வரி, போலீஸ் பர்மிஷன், பாட்டு உரிமை… இதெல்லாம் உண்டா?

நாடக நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனால்தான் மேலே 500-க்கு மேல் போகுமுன் யோசிக்கச் சொன்னேன். ஆன்லைன் தளங்கள் வாங்கும் கட்டணம் தனி. அதை நீங்கள் ஏற்பதா, வாங்குபவர் தலையில் வைப்பதா என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் 1954-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின்படி போலீஸிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் இருந்தது. பரீக்ஷா குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. ஆனாலும் சில ஹால்களில் ஏதாவது கடிதம் கேட்பார்கள். ஹால் புக் செய்யும் அன்றே கேட்டுவிடுங்கள், ஷோ அன்று சாயங்காலம் தெரிய வந்தால் வயிறு கலங்கும். சினிமாப் பாட்டு ஒலிக்கவிடுவதாக இருந்தால் பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு. எங்களுக்கு ஒரு ஹார்மோனியக்காரர் கிடைத்த பிறகு இந்தத் தொல்லை விட்டது.

சபாவுக்கு வர்றவங்க எல்லாம் அறுபது தாண்டினவங்க. சின்னப் பசங்களை எப்படிக் கூட்டிட்டு வர்றது?

அறுபது தாண்டியவர்களை அவ்வளவு இளப்பமாக நினைக்காதீர்கள். ஒழுங்காக டிக்கெட் வாங்குவது, நேரத்துக்கு வருவது, முடிந்ததும் மேடைக்கு வந்து குறை சொல்வது எல்லாம் அவர்கள்தான். அவர்களுக்கு லிஃப்ட், பக்கத்தில் கழிப்பறை, எட்டரைக்குள் முடியும் நாடகம், இந்த மூன்றும் இருந்தால் போதும்.

இளைஞர்கள் தனியாக வருவதில்லை, கும்பலாக வருகிறார்கள். ஆகவே ஒருவரைப் பிடித்தால் ஐந்து பேர் வருவார்கள். காலேஜ் தமிழ் மன்றத்துக்கோ நாடகக் குழுவுக்கோ போய் ஒரு மணி நேரம் பயிற்சி நடத்துங்கள், டிக்கெட் பற்றிப் பேசவே வேண்டாம். அடுத்த ஷோவுக்கு அவர்களே கேட்பார்கள். இன்னொன்று, அவர்கள் கடைசி இரண்டு நாளில்தான் வாங்குவார்கள். அதற்குப் பயந்து விலையைக் குறைக்காதீர்கள். முன்னாலேயே வாங்கியவர் அடுத்த முறை முன்னால் வாங்கமாட்டார்.

ஷோவுக்கு மூணு நாள்தான் இருக்கு, 30 டிக்கெட்தான் போயிருக்கு. கேன்சல் பண்ணிடலாமா?

செய்யாதீர்கள். மேலே சொன்ன மாதிரி கடைசி மூன்று நாளில் பாதி டிக்கெட் போவது எங்களுக்கு வழக்கம். வாங்கிய 30 பேருக்கும் போன் போட்டு, ‘இன்னும் இடம் இருக்கு, யாரையாவது கூட்டிட்டு வாங்க’ என்று நேராகக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏற்கனவே வாங்கியவரைவிட உங்களுக்காகப் பேசக்கூடியவர் வேறு யார்?

அப்படியும் 40 பேர்தான் வந்தார்கள் என்றால், எல்லாரையும் முன்வரிசைகளுக்கு அழைத்து உட்கார வையுங்கள், பின்னால் விளக்கை அணைத்துவிடுங்கள். வராதவர்களைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேசாதீர்கள். ஒரு குழுவின் இயக்குநர், நாடகம் தொடங்கும் முன் கால் மணி நேரம் ‘தமிழனுக்கு ரசனை இல்லை’ என்று பேசினார். வந்திருந்த தமிழர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம்.

முழு நாடகத்தையும் யூடியூப்ல போட்டா விளம்பரமா இருக்காதா?

ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்தைப் போடாதீர்கள், ஓய்வு பெற்ற நாடகத்தைப் போடலாம். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் கேட்டால் முழுப் பதிவைத் தனியாக, பூட்டிய இணைப்பாக அனுப்புங்கள். ஒலி சரியாகப் பதிவாகாத வீடியோவை மட்டும் எங்கேயும் அனுப்ப வேண்டாம். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் பத்தாவது விநாடியில் போய்விடுவார்கள்.

ஒரே நாடகத்தை எத்தனை தடவைதான் போடறது? பாத்தவங்களே பாப்பாங்களா?

பார்த்தவர்களும் பார்ப்பார்கள், ஆனால் முக்கியம் அது இல்லை. முதல் ஷோவுக்கு வருபவர்கள் உங்களைத் தெரிந்தவர்கள். இரண்டாவதுக்கு வருபவர்கள் முதல் ஷோ பார்த்தவர்களைத் தெரிந்தவர்கள். மூன்றாவதில்தான் உங்களை யாரென்றே தெரியாத ஆள் டிக்கெட் வாங்குவார். பெரும்பாலான குழுக்கள் இரண்டோடு நிறுத்திவிட்டு அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை ஆரம்பித்துவிடுகின்றன. கிரேஸி மோகனின் ‘சாக்லேட் கிருஷ்ணா’ நூற்றுக்கணக்கான முறை மேடையேறியது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவரை யாரோ அழைத்து வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஷோவுக்கும் தெரியாத ஆள் ஒருவர்கூட வரவில்லை என்றால், விளம்பரத்தில் கோளாறு தேடாதீர்கள். ஸ்கிரிப்டை எடுத்து உட்காருங்கள். பெரும்பாலும் நடுவில் இருபது நிமிடம் அதிகமாக இருக்கும்.

ஷோ முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி என்ன செய்யணும்? எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போயிடறோம்.

பிரியாணிக்குப் போங்கள், ஆனால் வாசல் நோட்டுப் புத்தகத்தை யாராவது ஒருவர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே போகிறவர்களிடம் பெயரும் நம்பரும் எழுதி வாங்க ஒரு நோட்டு, இளைஞர்களுக்கு ஒரு க்யூஆர் கோடு. வயதானவர்கள் நோட்டில் எழுதத்தான் விரும்புவார்கள், பக்கத்தில் குறிப்பும் எழுதுவார்கள். அன்று ராத்திரியே அதைப் போனில் ஏற்றிவிடுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்குள் நன்றி சொல்லி ஒரு வரி, அதிலேயே அடுத்த ஷோவின் தேதி. ஒரு வாரம் கழித்து அனுப்பினால் எந்த நாடகம் என்று கேட்பார்கள்.

எங்களிடம் இப்போது அப்படி நாலு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. குழுவில் டிராமா செட், உடை, விக்கு எல்லாம் ஒரு பரணில் கிடக்கின்றன. நோட்டுகள் மட்டும் என் பீரோவில். முதல் நோட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒரு அம்மா தன் நம்பருக்குப் பக்கத்தில் ‘ஃபேன் சத்தம், வில்லன் நல்லா பண்ணார்’ என்று எழுதியிருக்கிறார். அவருக்கு ஒவ்வொரு நாடகத்துக்கும் நானே போன் செய்கிறேன். முதல் கேள்வி எப்போதும் ஃபேனைப் பற்றித்தான். அப்புறம் எத்தனை டிக்கெட் என்று சொல்வார்.